இங்கரின் பச்சைக் கனோ

கலியாணம் கட்டி டென்மார்க்கின் சில்க்போர்க்குக்கு வந்த நாளிலிருந்து யசிந்தா அந்த ஏரியைப் பார்க்கிறாள். வேலைக்குப் போகிற பஸ் அதன் கரையால்தான் போகும். ஆனால் ஒருநாளும் அந்தத் தண்ணீரில் இறங்கினதில்லை. இறங்கிப் பார்க்கலாம் என்ற எண்ணத்தை அவளுக்குள் போட்டவள் இங்கர்.

இங்கர், யசிந்தாவோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற டெனிஷ்காரி. ஓய்வு எடுக்கிற வயது கிட்டிவிட்டது. 2009ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள் கோப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

“எங்கள் கராஜில் ஒரு பச்சைக் கனோ சும்மா கிடக்கிறது. என் பிள்ளைகள் அதைத் தொட்டே பல காலம். நீ கொண்டுபோ. கோடையில் பிள்ளைகளோடு ஆற்றில் போய், ஒரு இரவு காட்டில் படுத்து எழும்பி வா.”

கனோ என்றால் ஒடுங்கின சின்ன வள்ளம். முன்னுக்கு ஒருவர், பின்னுக்கு ஒருவர் இருந்து துடுப்புப் போடவேண்டும். யசிந்தா சிரித்துச் சமாளித்தாள். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் அதைப் பகிடியாகச் சொன்னதுதான் தாமதம், ஏழு வயது யூலியானா கதிரையில் ஏறி நின்றுவிட்டாள். நாலு வயது எலியாஸ் என்ன ஏது என்று தெரியாமலே “யா! யா!” என்று மேசையைத் தட்டினான்.

“காட்டுக்கையோ? இந்தக் குஞ்சுகுருமானோடயோ?” என்றான் அவள் கணவன் கிறிஸ்துநாயகம். அவன் ஜன்னல் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் வேலை.

“இஞ்சத்தைக் காட்டில யானையே நிக்குது?”

“யானை இல்லை. கக்கூசும் இல்லை.”

“சின்ன மண்வெட்டி கொண்டு போனாச் சரியாம். இங்கர் சொன்னவ. அதோட நீங்கள் மன்னார் ஆள். உங்களுக்கு வள்ளம் புதுசே?”

கிறிஸ்துநாயகம் குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

அடுத்த சனிக்கிழமை இங்கர் வரைபடத்தோடு வந்தாள். ரூ என்ற சின்ன ஊரில் கனோவை இறக்கினால், ஏரிக்குப் பின் ஏரியாகக் கடந்து சில்க்போர்க் வரை வரலாம். யசிந்தா இரண்டு இரவு தங்குவதாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். இங்கர் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“பெரியவர்களால் எவ்வளவு தூரம் முடியும் என்று பார்க்காதே. எலியாஸால் எவ்வளவு நேரம் ஒரு இடத்தில் இருக்க முடியும் என்று பார். அதில் பாதியைத் திட்டம் போடு.”

இரண்டு இரவு ஒன்றானது. காற்று எழும்பினால் ஏரி நடுவுக்குப் போகாமல் நாணல் ஓரமாகவே வரவேண்டும், ஏறுகிற கணத்திலிருந்து இறங்குகிற கணம் வரை எல்லோரும் மிதப்பு ஜாக்கெட் போட்டிருக்கவேண்டும், மாற்றுடுப்பைப் பிளாஸ்டிக் வாளியில் இறுக்கி மூடவேண்டும் என்று இங்கர் சொல்லச் சொல்ல, யூலியானா எல்லாவற்றுக்கும் படம் கீறினாள்.

சாப்பாட்டில்தான் இழுபறி. டெனிஷ்காரர் பாணும் சொசேஜும் கொண்டு போவார்கள்.

“ஒரு நாள் முழுக்கப் பாணோ? பிள்ளையள் வாடிப் போகுங்கள்,” என்றான் கிறிஸ்துநாயகம்.

“அப்ப சோத்துப் பானையையும் கனோவில ஏத்துங்கோ.”

“ஏன், கோழிக் கறியை ஐஸ்கிரீம் பெட்டியில போட்டு உறைய வைச்சாப் போச்சு. பகல் முழுக்க அந்தக் குளிரில பிள்ளையளின்ர பாலும் பழுதாகாது, பின்னேரம் கறியும் இளகியிருக்கும்.”

தங்கள் பயணத்தைப் பற்றி அவன் முதன்முதலாகச் சந்தோஷமாகக் கதைத்தது அந்தக் கறியைப் பற்றித்தான். மறுகிழமையே கடைக்குப் போய் நாலு பேர் படுக்கிற கூடாரம் ஒன்று வாங்கிவந்தான்.

பங்குனி பிறந்தபிறகு அந்தக் கூடாரத்தை யாரும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. கிறிஸ்துநாயகத்தின் தமையன் லோரன்ஸ் மனைவி பிள்ளைகளோடு இலங்கையில் சண்டை நடக்கிற வன்னிக்குள் இருந்தார். மன்னார்க் கரையிலுள்ள விடத்தல்தீவை விட்டு வெளிக்கிட்டு, ஊர் ஊராகத் தள்ளுப்பட்டுக் கடைசியில் கடற்கரை வரை போய்விட்டார்கள் என்பதுதான் கிடைத்த கடைசிச் செய்தி. கிறிஸ்துநாயகம் வேலையால் வந்ததும் கொம்பியூட்டருக்கு முன்னால் இருப்பான். சனி ஞாயிறு என்றால் கொப்பன்ஹேகனில் சண்டையை நிறுத்தச் சொல்லி ஊர்வலம். சாப்பாட்டை முன்னுக்கு வைத்தாலும் ஆறிப்போகும். பிள்ளைகள் கனோ என்று வாயெடுத்தால் யசிந்தா கண்ணால் அடக்குவாள். கூடாரப் பெட்டியை நிலவறைக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

வைகாசியில் சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. அன்றைக்குக் கிறிஸ்துநாயகம் வேலைக்குப் போனான், வந்தான், உடுப்பு மாற்றாமல் கட்டிலில் கிடந்தான். எலியாஸ் போய் அவனுடைய சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் ஏறிப் படுத்துக்கொண்டான். தகப்பன் அவனைத் தள்ளவுமில்லை, அணைக்கவுமில்லை.

ஆனியில் மன்னாரிலிருந்து ஒரு பாதிரியார் தகவல் அனுப்பினார். லோரன்ஸ் குடும்பம் வவுனியாவில் இராணுவக் காவலுக்குள் உள்ள முகாமில் இருக்கிறது. லோரன்ஸின் மாமியார் இல்லை. மற்ற நாலு பேரும் உயிரோடு. கிறிஸ்துநாயகம் அதை யசிந்தாவுக்கு உரக்க வாசித்தான். வாசித்து முடித்துக் குசினி நிலத்தில் இருந்துவிட்டான். அவளும் பக்கத்தில் இருந்து அவன் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு அவன் எழும்பி, “பசிக்குது,” என்றான். பல கிழமைக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லைக் கேட்டு யசிந்தா முட்டை பொரித்து, இருந்த பாணெல்லாம் வாட்டிக் கொடுத்தாள்.

சில நாள் கழித்து, ஒரு ஞாயிறு மத்தியானம் தொலைபேசி அடித்தது. யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியைக் காவலுக்குத் தெரியாமல் வாங்கி லோரன்ஸ் எடுத்திருந்தார். அண்ணனும் தம்பியும் கொஞ்ச நேரம் “அண்ணை”, “தம்பி” என்றே மாறி மாறிக் கூப்பிட்டார்கள். பிறகு லோரன்ஸ் பிள்ளைகளோடு கதைக்கக் கேட்டார். கிறிஸ்துநாயகம் சத்தம் எல்லாருக்கும் கேட்கிறமாதிரிப் பொத்தானை அழுத்தி, போனை மேசையில் வைத்தான்.

“யூலியானா, பள்ளிக்கூடம் விட்டாச்சோ?” என்று கேட்டார் லோரன்ஸ்.

“ஓம் பெரியப்பா. நாங்கள் டெல்ட்டில படுக்கப் போறம்,” என்றாள் யூலியானா. கூடாரத்துக்கு அவளுக்குத் தெரிந்தது டெனிஷ் சொல்தான்.

முகாமில் கிடக்கிறவர்களிடம் சொல்கிற கதையா இது என்று யசிந்தா பதறினாள். அவள் போனை எடுக்கக் கை நீட்டினாள்.

“எதிலயாம்?” என்றார் லோரன்ஸ்.

யூலியானா கைகளைக் கூம்பாக வைத்துக் காட்டினாள். போனில் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. “துணியால வீடு மாதிரி. வெளியில.”

அந்தப் பக்கம் ஒரு சிறுமியின் குரல் குறுக்கே வந்தது. லோரன்ஸின் மகள் விக்ரோரியா. “அது ரென்ட்! நாங்களும் அதுக்குள்ளதான் இருக்கிறம். பகல்ல சரியான வெக்கை. உங்கடதில எத்தினை பேர்?”

“நாலு.”

“எங்கடதில ரெண்டு குடும்பம். உனக்குக் கால் நீட்டிப் படுக்க இடமிருக்கும்.”

“நீ வந்தா என்னோட படுக்கலாம்,” என்றாள் யூலியானா.

“ஓம், வாறன்,” என்றாள் விக்ரோரியா, அடுத்த தெருவுக்கு வருவதுபோல.

கிறிஸ்துநாயகம் போனை எடுத்தான். “அண்ணை, அது இவள் சின்னப்பிள்ளை, விளங்காமக் கதைக்கிறாள். நாங்கள் ஒரு இடமும் போகேல்லை.”

“ஏன்ரா போகேல்லை?” லோரன்ஸின் குரல் முதன்முறையாகப் பழைய தமையனின் குரலாக இருந்தது. “நீ வீட்டுக்குள்ள இருந்தா எனக்குக் கதவைத் திறந்து விடப்போறாங்களே? என்ர பிள்ளையளும் இப்ப சிரிக்குதுகள் தெரியுமோ? கண்டதுக்கெல்லாம் சிரிக்குதுகள். நான் தடுக்கிறேல்லை. நீ உன்ரதுகளைக் கூட்டிக்கொண்டு போ.”

அதோடு தொடர்பு அறுந்தது.

கிறிஸ்துநாயகம் போனை வைத்தான். பிறகு நிலவறைக்கு இறங்கிப் போய்க் கூடாரப் பெட்டியைத் தூக்கி வந்தான்.

அன்றே அடுக்குமாடிக்குப் பின்னாலிருந்த புல்வெளியில் அதை விரித்தார்கள். தடிகள் எது எதற்குள் போகிறதென்று பிடிபடவில்லை. முதல்முறை கூடாரம் கிறிஸ்துநாயகத்தின் தலையில் விழுந்தது. மாடியிலிருந்து ஒரு கிழவர் டெனிஷில் கத்திக் கத்தி வழி சொன்னார். அவர் சொன்னதும் பிழைதான். கடைசியில் எழும்பி நின்றபோது பிள்ளைகள் உள்ளே போய் இரவுச் சாப்பாட்டுக்கும் வெளியே வர மாட்டோம் என்றார்கள்.

ஆடி முதற்கிழமை இங்கர் கனோவைக் காருக்கு மேல் கட்டி ஏரிக்குக் கொண்டுவந்தாள். பிள்ளைகளைக் கரையில் தன்னோடு வைத்துக்கொண்டு, பெரியவர்கள் இருவரையும் பழகிப் பார்க்கச் சொன்னாள். மன்னார் ஆள் என்பதால் கிறிஸ்துநாயகம் பின்னுக்கு இருந்தான். பின்னுக்கு இருப்பவர்தான் திசை திருப்பவேண்டும். தள்ளிவிட்டதும் கனோ அழகாக ஒரு வட்டம் அடித்தது. இன்னொரு வட்டம் அடித்தது. பிறகு நாணலுக்குள் போய் முட்டியது.

யசிந்தா திரும்பிப் பார்த்தாள். “என்னப்பா இது? கடற்கரை ஆள் எண்டெல்லோ நினைச்சன்!”

“அப்பாவுக்குத் தபாற்கந்தோர் வேலை,” என்றான் அவன், துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு. “நாங்கள் கரையில நிண்டு மீன் வாங்கிற ஆக்கள். என்னை ஆர் வள்ளத்தில ஏத்தினது?”

“இவ்வளவு நாளும் சொல்லேல்லையே!”

“நீர் கேக்கேல்லையே.”

யசிந்தா சிரித்தாள். சிரித்த சிரிப்பில் கனோ ஆடியது. கனோ ஆடவும் அவன் பயந்து இரண்டு பக்கமும் பிடித்தான். அதைப் பார்த்து அவளுக்கு இன்னும் சிரிப்பு. கடைசியில் அவனும் சிரித்துவிட்டான். இங்கர் கரையிலிருந்து, இடத்தை மாற்றுங்கள் என்று கூப்பிட்டாள். யசிந்தா பின்னுக்குப் போனாள். முதியோர் இல்லத்தில் கட்டிலையும் சக்கர நாற்காலியையும் ஒடுங்கின கதவுகளுக்குள்ளால் தள்ளிப் பழகின கை. துடுப்பைத் தண்ணீரில் கொஞ்சம் சரித்துப் பிடித்தால் முன்முனை எந்தப் பக்கம் போகும் என்று அவளுக்குச் சுறுக்காகப் பிடிபட்டது. கனோ நேராகப் போனது.

“அம்மா ஓட்டுறா!” என்று யூலியானா கரையில் துள்ளினாள்.

ஆடி நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை காலை ரூவில் கனோவை இறக்கினார்கள். நடுவில் பிள்ளைகள், அவர்களுக்கு இடையில் உறைந்த கோழிக் கறி. இங்கர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. எலியாஸுக்கு ஒன்றுக்கு வந்தது, பிறகு பசித்தது, பிறகு ஒரு வாத்தைத் தொடவேண்டுமாம். மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழும்பி ஏரியில் சின்ன அலைகள் அடித்தன. நாணல் ஓரமாக வந்தும் யசிந்தாவின் தோள் வலித்தது. நினைத்திருந்த இடத்துக்குப் பாதி வழியில் ஒரு கூடாரத் தரிப்பிடம் தெரிந்தது. மரங்களுக்கு நடுவே கொஞ்சம் புல், தீ மூட்ட ஒரு கல்வட்டம். அவ்வளவுதான்.

“இதோட காணும்,” என்றாள் யசிந்தா.

“காணும்,” என்றான் கிறிஸ்துநாயகம்.

கறி இளகியிருந்தது. தணலில் சூடாக்கி, வீட்டில் சுட்டுக் கொண்டுவந்த ரொட்டியோடு வைத்தார்கள். சாப்பிட முதல் வழக்கம்போலச் செபம் சொன்னார்கள். லோரன்ஸ் வீட்டு நாலு பெயரையும் யூலியானா ஒவ்வொன்றாகச் சொன்னாள். கிறிஸ்துநாயகம் சிலுவை போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை. அவர்கள் முகாமை விட்டு வெளியே வர அந்த வருஷக் கடைசி ஆனது. அன்றைக்கு அது அவனுக்குத் தெரியாது. கண்ணைத் திறந்து, எலியாஸுக்குக் கோழியில் எலும்பு எடுத்துக் கொடுத்தான்.

சாப்பிட்டு முடிந்தும் வெளிச்சம் போகவில்லை. காற்று விழுந்து ஏரி எண்ணெய் மாதிரிக் கிடந்தது. கிறிஸ்துநாயகம் சட்டி கழுவ, பிள்ளைகள் கரையில் காலை நனைத்துக்கொண்டு கல் பொறுக்கினார்கள். யசிந்தா ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கனோவைத் தள்ளி ஏறினாள்.

“எங்க போறீர்?” என்றான் அவன்.

“சும்மா. இதில ஒருக்கா.”

வலப்பக்கம் ஒருதரம் துடுப்பு வலித்தாள், இடப்பக்கம் ஒருதரம். துடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சத் தூரம் போய்த் துடுப்பை எடுத்து மடியில் வைத்தாள். கனோ தானாக ஊர்ந்தது. கரையில் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. எலியாஸ் தகப்பனின் முதுகில் ஏறி டெனிஷில் என்னவோ கத்த, கிறிஸ்துநாயகம் சட்டியும் கையுமாகக் குதிரை ஓடினான். இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இருந்தாள்.