இரண்டு பிரேக் உள்ள கார்

மேட்டின் உச்சியில் சின்னவளின் கார் உயிரை விட்டது. கயிறோடு வந்து இறங்கியவர் அக்கா புருஷன். அவருடைய டிரைவிங் ஸ்கூலிலிருந்து பிரிந்து அவள் தனியாக ஒன்று தொடங்கியது அவருக்கு இன்னும் செரிக்கவில்லை.

"என்ன வாத்தியாரம்மா, ஊருக்கெல்லாம் ஓட்டக் கத்துக்குடுக்கறே, உன் வண்டி மட்டும் ஓட மாட்டேங்குதா?"

"கயித்தைக் கட்டுங்க மாமா. வாயால இழுக்க முடியாது."

"கட்டறேன். ஆனா என் வண்டியில ஒரு கீறல் விழுந்துச்சுன்னா, நீ போர்டைக் கழட்டிட்டு என்கிட்டயே வேலைக்கு வந்துடணும்."

"வர்றேன்," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் ஸ்கூலில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அக்கா, அவர் வண்டியிலிருந்து இறங்கி வந்து தங்கையின் காரில் இடதுபக்கம் உட்கார்ந்தாள். பயிற்சிக் கார் என்பதால் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இரண்டு மிதிகளையும் அடியில் ஒரே கம்பி இணைக்கும்.

சின்னவள் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். சாவியைத் திருப்பியே வைத்தாள். எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். கட்டி இழுப்பதில் ஒரு விசித்திரம் உண்டு: இழுப்பது முன்வண்டி, நிறுத்துவது பின்வண்டி. இறக்கத்தில் பின்வண்டி லேசாகப் பிரேக் பிடித்துக் கயிற்றை விறைப்பாக வைத்திருக்க வேண்டும். முன்வண்டி திடீரென நின்றால் கயிறு தடுக்காது, தொய்ந்துவிடும். அதோடு, பிரேக் மிதியை இலகுவாக்கும் காற்றிழுப்பு விசை இன்ஜினிலிருந்து வருவது. இன்ஜின் செத்தால் இரண்டு மூன்று மிதிக்கு மேல் அது தாங்காது. அப்புறம் மிதிப்பது பாறையை மிதிப்பது மாதிரி.

பாதி இறக்கம் ஒழுங்காகப் போனது. மிதி இறுகிவிட்டது. எதிரே சாலை காலி. மாமாவின் கண்கள் கண்ணாடியில் அவளை ஒருமுறை பார்த்தன. அடுத்த கணம் அவர் வண்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது.

கயிறு தொய்ந்து தரையில் விழுந்தது. சின்னவள் சீட்டில் முதுகை அழுத்தி இரண்டு காலாலும் மிதித்தாள். மிதி அசையவில்லை. பக்கத்திலிருந்து ஒரு முனகல். அவள் காலடியில் மிதி தானாக உள்ளே இறங்கியது. கார் கிறீச்சிட்டு நின்றது. இரண்டு பம்பருக்கும் நடுவே ஒரு கை நுழையும்.

மாமா இறங்கி வந்து குனிந்து பார்த்தார். கீறல் இல்லை.

"எதுக்கு மாமா பிரேக் போட்டீங்க?"

"நீ முழிச்சிட்டு இருக்கியான்னு பார்த்தேன்."

"உள்ள நானும் இருக்கேன்," என்றாள் அக்கா. கால் இன்னும் மிதியிலேயே இருந்தது.

"அதான் ஒண்ணும் ஆகலையே!"

"ஆகலை. ஏன்னா ரெண்டு பேர் மிதிச்சோம்." தங்கையின் பக்கம் திரும்பினாள். "நாளையிலருந்து காலை வகுப்பு நான் எடுக்கறேன்டி. உன் ஸ்கூல்ல."

"அப்ப என் ஸ்கூல்ல யாரு எடுப்பா?" என்றார் மாமா.

"கயிறு தளர்ந்து கிடக்கு," என்றாள் அக்கா. "முதல்ல வண்டிய மெதுவா முன்னால எடுங்க."