விளக்கை அணைத்தவன் எழுதியது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை திருட்டுச் சரக்கு. ஒரு பலகைத் தடுப்பு வழியாக என் காதில் விழுந்தது.

நான் லிஃப்ட் மெக்கானிக். சைக்கிள் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் ஒரு சின்னக் கலைக்கூடம் இருக்கிறது. அங்கே புதன்கிழமை மாலைகளில் கதை எழுதக் கற்றுக்கொள்கிறேன். (லிஃப்ட் இல்லாத கட்டடம். படியேறும்போதெல்லாம் எனக்கு மானம் போகும்.) இருப்பது ஒரே கூடம், நடுவில் பலகை அடித்து இரண்டாக்கியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் நாங்கள் ஏழு பேர் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்தப் பக்கம் நாடக வகுப்பு. அவர்கள் போடும் சண்டையில் எங்கள் டீ தம்ளர் நகரும். ஒட்டுக் கேட்பது தப்பில்லையா என்று கேட்கிறீர்களா? அந்தத் தடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மழை பெய்துகொண்டிருந்தது." பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது முயற்சி: "கலை என்பது மனித மனத்தின்" — ஐயய்யோ, வேண்டாம்.

மூன்றாவது: "அவள் தன் அக்காவோடு பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது." இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

அவளுக்கு ஐம்பது வயது. நேரில் நான் 'வாங்க, போங்க'தான். கதையில் 'அவள்' என்று எழுத அனுமதி வாங்கியிருக்கிறேன். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை. நாள் முழுக்க டோக்கன் நம்பர் கூப்பிட்டுப் பழகியதால், ஒத்திகையிலும் தன் வசனம் முடிந்ததும் தன்னையறியாமல் "அடுத்தது" என்று சொல்லிவிடுவாள். நாடக வகுப்பில் அவளுக்கு டோக்கன் என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை.

அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டோக்கன்தான் பதினோரு நாள் கூடவே இருந்தாள். கடைசி நாள் மத்தியானம் அக்காவுக்கு ஃபோன் அடித்தாள். அக்கா எடுக்கவில்லை. இரண்டாவது தடவை இவள் அடிக்கவில்லை. அக்கா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "ஏன்டி இன்னொரு தடவ கூப்பிடல?" என்று அக்கா கேட்டாள். "நீ ஏன் எடுக்கல?" என்று இவள் கேட்டாள். அதோடு பேச்சு நின்றது. அக்கா வீடு நாலு பஸ் ஸ்டாப் தள்ளித்தான்.*

* இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று தோன்றினால், நீங்கள் கூடப்பிறந்தவர்கள் இல்லாமல் வளர்ந்தவர் என்று வைத்துக்கொள்கிறேன்.

3

நாடக வகுப்பை நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. காலையில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள், மாலையில் டைரக்டர். வகுப்பில் இருப்பவர்கள் எல்லாரும் அவளைவிட இருபது வயது மூத்தவர்கள். குழந்தைகளை அதட்டுகிற அதே குரலில் இவர்களையும் அதட்டுவாள். இவர்களும் வரிசையில் நிற்பார்கள்.

முதல் நாள் அவள் கொடுத்த வீட்டுப்பாடம்: "வீட்டுல சொல்ல முடியாம தொண்டையிலயே நிக்கிற வாக்கியம் ஒண்ணு கொண்டு வாங்க." அந்த வாக்கியங்களைச் சேர்த்துத்தான் நாடகம் எழுதினார்கள். டோக்கன் கொண்டுவந்த வாக்கியம்: "நீ வந்திருக்கணும்."

நாடகத்தில் ஒரு அக்காவும் தங்கையும், இறந்துபோன அம்மாவின் வீட்டைக் காலி செய்கிறார்கள். தங்கை, டோக்கன். அக்கா, தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரம்மா. நாடகத்தின் கடைசி வசனம் அக்காவுடையது: "தப்பு என் மேலதான்." அதை டைரக்டரே எழுதினாள். அந்த வசனம் வந்ததும் விளக்கு அணைய வேண்டும். நாடகம் முடிந்தது.

விளக்குக்கு நான். ஒரு வகுப்பின் நிகழ்ச்சிக்கு இன்னொரு வகுப்பு எடுபிடி வேலை பார்ப்பது இங்கே வழக்கம். "லிஃப்டுக்கே கரன்ட் குடுக்கறவரு, நாலு பல்புக்குக் குடுக்க மாட்டாரா?" என்று டைரக்டர் ஒரு துண்டுச் சீட்டை என் சட்டைப் பையில் செருகினாள். அதில் இரண்டே விஷயம். அந்தக் கடைசி வசனம், அதன் கீழே 'அணை'.

4

இந்த வகுப்பில் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. அரங்கேறுவதற்கு முந்தின நாள் எல்லாரும் இடம் மாறி நடிக்க வேண்டும். உங்கள் எதிராளியின் வேஷம் உங்களுக்கு. உங்கள் வேஷம் அவருக்கு. "எதிர்ல நிக்கிறவங்க எந்த எடத்துல மூச்சு விடறாங்கன்னு தெரியாம எப்படிப் பேசுவீங்க?" என்பது டைரக்டரின் கட்சி.

அந்த வெள்ளிக்கிழமை நான் ஏணிமேல் நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்தேன். கீழே டோக்கன் அக்காவாக நடித்துக்கொண்டிருந்தாள். கடைசி வசனம் வந்தது. அவள் நிறுத்திவிட்டு, "அடுத்தது" என்றாள்.

"இன்னும் ஒரு வரி இருக்கும்மா," என்றாள் டைரக்டர்.

"தெரியும். அத இவங்க சொல்லிப்பாங்க, நாளைக்கு."

"இன்னிக்கு நீங்கதானே அக்கா?"

"நாடகத்துலகூட நான்தான் எறங்கிப் போகணுமா? நல்லாருக்கே உங்க நியாயம்!"

ஜெராக்ஸ் கடைக்காரம்மா டோக்கனின் முதுகைத் தடவிக்கொடுத்தார். டைரக்டர் வற்புறுத்தவில்லை. "சரி, விடுங்க. டீ குடிப்போம்," என்று பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

இந்த இடத்தில் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. ஏனென்றால் அதே டோக்கன் முந்தின நாள் ஒரு காரியம் செய்திருந்தாள். ஆளுக்கு ஐந்து அழைப்பிதழ் கொடுத்திருந்தார்கள். நாலை ஆஸ்பத்திரியில் கொடுத்தாள். ஐந்தாவதை எடுத்துக்கொண்டு நாலு ஸ்டாப் பஸ்ஸில் போய், அக்கா வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு, மணியடிக்காமல் திரும்பி வந்துவிட்டாள். ஒரு வரி சொல்ல மாட்டாளாம். ஆனால் அழைப்பு மட்டும் வைப்பாளாம். இது என்ன குணம்? நம்பும்படியாக இல்லையே என்று இரண்டு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு யோசித்தேன். மேலே போகிற பொத்தானையும் கீழே போகிற பொத்தானையும் சேர்த்து அமுக்கிவிட்டு நிற்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களை நம்பாமலா இருக்கிறேன்?

5

சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. ஜன்னல்களில் கறுப்புச் சார்ட் ஒட்டி வெயிலை அடைத்திருந்தோம். நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி. மூன்றாவது வரிசையில், கதவை ஒட்டின ஓரத்தில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். கைப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை. அதே மோவாய், அதே விறைப்பு. யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்துவிட்டது.

என் பக்கத்தில் நின்று திரை இடுக்கில் டோக்கனும் பார்த்தாள். "வந்துட்டா," என்றாள். கொஞ்சம் கழித்து, "பாதியில எந்திரிச்சுப் போயிடுவா, பாருங்களேன். அவ குணம் எனக்குத் தெரியும்."

நான் கடைசி வரிசைக்குப் பின்னால், சுவிட்ச் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். நாடகம் நன்றாகத்தான் போயிற்று. ஜனங்கள் இரண்டு இடத்தில் சிரித்தார்கள். இருபதாவது நிமிஷம், ஜெராக்ஸ் கடைக்காரம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டார்: "இன்னொரு ஃபோன் பண்ணியிருக்கலாம்ல?"

இதற்கு டோக்கனின் பதில், அவளே கொண்டுவந்த அந்த வாக்கியம். நீ வந்திருக்கணும். மூன்று மாதமாகத் தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கே மனப்பாடம்.

அவள் நிமிர்ந்தாள். மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"தப்பு என் மேலதான்."

நாடகம் பாதிதான் ஆகியிருக்கிறது என்று என் மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியாது. சீட்டில் எழுதியிருந்தபடி கை விளக்கை அணைத்துவிட்டது.

6

லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் எங்களுக்கு ஒரு விதி உண்டு: முதலில் விளக்கு, அப்புறம்தான் மற்றதெல்லாம். இருபத்திரண்டு வருஷம் அதை மீறியதில்லை. இருட்டில் மாட்டிக்கொண்டவர்கள் என்னென்னவோ பேச ஆரம்பித்துவிடுவார்கள். வெளியே நின்று கேட்கிற எனக்குக் கூச்சமாக இருக்கும்.

"அண்ணா, லைட்டு! லைட்டு!" என்று டைரக்டர் என் முழங்கையைப் பிராண்டினாள். கை சுவிட்சுக்குப் போனது.

அப்போது கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"இல்லடி. நான்தான் ஃபோன எடுத்திருக்கணும்." பிறகு அதே குரல்: "கையிலதான் வெச்சிருந்தேன். அடிக்கறப்ப பாத்துக்கிட்டுதான் இருந்தேன். எடுத்தா நீ அதச் சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்டி."

எனக்கு முன்னால் இருந்தவர் பக்கத்து ஆளிடம், "வசனம் பிரமாதம்ல?" என்று கிசுகிசுத்தார். பாவம், நாடகம் என்றே நினைத்துவிட்டார்.

ஒரு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு காலடி. மேடைப் பக்கமா, கதவுப் பக்கமா? நாற்பது பேர் மூச்சுக்கு நடுவே எனக்குப் பிடிபடவில்லை. டைரக்டரின் கையும் சுவிட்சைத் தேடி வந்தது. வந்த கை, போடுவதற்குப் பதிலாக, என் கைமேல் அப்படியே அழுத்திக்கொண்டு நின்றது. இரண்டு பேரும் இருட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் எண்ணினேன். ஐம்பத்திரண்டு வரை எண்ணினேன். யாரும் இருமக்கூட இல்லை.

7

முடிவு, (அ): விளக்கைப் போட்டேன். மேடையில் இருவரும் கட்டிப்பிடித்தபடி — இது சரியான சினிமா.

முடிவு, (ஆ): விளக்கைப் போட்டேன். மூன்றாவது வரிசை ஓரம் காலி. கதவு திறந்திருந்தது. டோக்கன் தனியாக நின்று, "அடுத்தது" என்றாள். எங்கள் எழுத்து வகுப்பில் இதற்குத்தான் கைதட்டு கிடைத்தது. எனக்கென்னவோ, கைதட்டுக்காக ஒருத்தியை நட்டாற்றில் விடுவது சரியாகப் படவில்லை.

முடிவு, (இ): அவள் வாய் தவறியதா, வேண்டுமென்றே சொன்னாளா என்று ஒரு ஆராய்ச்சி. முந்தின நாள் விழுங்கின வரி தானே வெளியே வந்ததா, அல்லது — தெரியாது. கேட்டேன். "அது எதுக்கு உங்களுக்கு?" என்று வாயை அடைத்துவிட்டாள்.

போன வாரம் அவளை உட்கார வைத்து, ஆறாம் பகுதி வரை படித்துக் காட்டினேன். கைக்குட்டையை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. என்ன வேணா எழுதிக்கோங்க. லைட்ட மட்டும் போடாதீங்க."

"வாசகர்கள் என்னைச் சும்மா விட மாட்டாங்களே?"

"அந்த எடம் எங்களோடது. அத மட்டும் விட்டுடுங்க, போதும்."

விட்டுவிட்டேன். மீதி நாடகம் நடந்ததா என்றுகூடச் சொல்லப்போவதில்லை, சொன்னால் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

அதற்குப் பதிலாக நன்றி சொல்லிக்கொள்கிறேன். ஆடம்பரமாக இல்லை, மனசாரச் சொல்கிறேன். காது வைக்க இடம் கொடுத்த பலகைத் தடுப்புக்கு. இடம் மாறி நிற்கச் சொன்ன வேன்காரப் பெண்ணுக்கு. தன் வசனம் பறிபோனதற்கு இன்றுவரை முகம் சுளிக்காத ஜெராக்ஸ் கடைக்காரம்மாவுக்கு. இரண்டு மாடி ஏறி வந்து ஓர நாற்காலியில் உட்கார்ந்த அக்காவுக்கு. தப்பான இடத்தில் வந்த அந்த வரிக்கும்தான். அது சரியான இடத்தில் வந்திருந்தால் கைதட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்போம்.

[இப்போதெல்லாம் புதன்கிழமைகளில், தடுப்புக்கு அந்தப் பக்கம் டோக்கன் "அடுத்தது" என்றதும், "நான்தான்டி, இரு" என்று இன்னொரு — இல்லை, வேண்டாம். வாக்குக் கொடுத்திருக்கிறேன்.]

சுவிட்ச், கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரில் தோள் உயரத்தில் இருக்கிறது. உங்களுக்குப் போட வேண்டும் என்று தோன்றினால் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் ஐம்பத்திரண்டு வரை எண்ணுங்கள். அவசரப்பட்டு எண்ணாதீர்கள்.