மேல் இணைப்பு

மழை பெய்தால் மீட்டர் முள் ஏறும். வெயில் அடித்தால் இறங்கும். நான்கு மாதமாக இதுதான் நடந்துகொண்டிருந்தது.

பொழுதுபோக்காக வீட்டிலிருந்தே ரேடியோவில் ஊர் ஊராகப் பேசுகிற ஹாம் ரேடியோக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ரேடியோவிலிருந்து கேபிள் வழியாக ஆன்டெனாவுக்குப் போகிற சக்தியில் கொஞ்சம் திரும்பி வரும். எவ்வளவு திரும்புகிறது என்று மீட்டர் காட்டும். முள் ஒன்றை ஒட்டி நின்றால் நல்லது. மூன்றைத் தாண்டினால் வாயை மூடிக்கொண்டு இருப்பது நல்லது. நான் நான்கு மாதமாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அதற்கு முள் மட்டும் காரணம் இல்லை.

மழையோடு ஏறுகிற முள் என்றால், ஏதோ ஒரு இணைப்பில் தண்ணீர் புகுந்திருக்கிறது. எங்கள் கேபிளில் இரண்டே இணைப்புகள். ஒன்று டவர் உச்சியில், ஆன்டெனாவும் கேபிளும் சேரும் இடம். அதை என் மனைவி கட்டினாள். இன்னொன்று கீழே, ஜன்னலுக்கு வெளியே. அதை நான் கட்டினேன்.

எங்கள் வீட்டில் டவர் ஏறுவது அவள். மீட்டர் பார்ப்பது நான். எனக்கு நாற்காலிமேல் ஏறி பல்பு மாட்டினாலே தலை சுற்றும். அவள் ஐம்பது அடி உயரத்தில் பெல்ட்டில் சாய்ந்தபடி, அவிழ்ந்த கூந்தலை நிதானமாக முடிவாள். நான்கு மாதத்துக்கு முன் அவள் இறந்தபோது வந்தவர்களில் பாதிப் பேர், டவரிலிருந்து விழுந்துவிட்டாளா என்று கேட்டார்கள். இல்லை. காய்ச்சல். ஒன்பது நாள். முதல் இரண்டு நாள் வீட்டிலேயே கிடந்தாள். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்னது நான்.

மேல் இணைப்பில்தான் கோளாறு என்று முடிவு செய்திருந்தேன். இணைப்பின் மேல் முதலில் மாவு போல அமுங்குகிற பிசின் பட்டை, அதன்மேல் ரப்பர் டேப். டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு சுற்றும் கூரை ஓடு மாதிரி தனக்குக் கீழே இருப்பதை மூடும். தண்ணீர் வழிந்து போய்விடும். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் வாயைத் திறந்துகொண்டு மழைக்காகக் காத்திருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் அதைக் கட்டிய அன்று, அவள் டவரிலிருந்து சீக்கிரமே "முடிஞ்சுது" என்றாள்.

"கீழேருந்துதான சுத்துன?" என்று ஜன்னலிலிருந்து கத்தினேன்.

"ஆமாப்பா ஆமா."

பேச்சை முடிப்பதற்காக அவள் சொல்கிற ஆமா அது. இரண்டு வருஷமாக நான் அதை நம்பவில்லை.

ஆனாலும் அதைப் பிரிக்காமல் தள்ளிப் போட்டேன். அவள் மடித்து வைத்த துணிகள் கலைந்துவிட்டன. போட்ட முடிச்சுகள் அவிழ்ந்துவிட்டன. அவள் கை இறுக்கியது இறுக்கியபடி இருந்தது அந்த ஒன்றுதான்.

கடைசியில் நானே ஏறிப் பிரிப்பது என்று முடிவு செய்தேன். டவரில் ஆள் இருந்தால் கீழே இன்னொரு ஆள் இருந்தாக வேண்டும். மாமாவைக் கூப்பிட்டேன். அவளுடைய அப்பா. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவள் போன பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். டவரை அண்ணாந்து பார்த்தார்.

"இதுலயா அவ ஏறுவா?"

"ஆமா மாமா."

"நீங்க ஏன் ஏறல?"

"பயம்."

"நல்லது. வீட்ல ஒருத்தருக்காவது பயம் இருக்கணும். அவங்கம்மாவுக்கும் கிடையாது, அவளுக்கும் கிடையாது. மூணு பேருக்கும் சேத்து நான்தான் பயந்தேன்."

ரேடியோவை அணைத்துவிட்டு, கேபிளைக் கையடக்க மீட்டர் ஒன்றில் மாட்டிக் கொடுத்தேன்.

"நான் கேக்கும்போது முள் எங்க நிக்குதுன்னு சொன்னா போதும்."

"நான் முள்ளப் பாத்து வண்டி ஓட்டினவன் இல்ல மாப்ள. சத்தத்த வச்சுதான் ஓட்டுவேன்."

"இது சத்தம் போடாது."

"அப்ப உங்க சாதிதான்னு சொல்லுங்க."

முந்தின நாள் முழுக்க மழை. முள் மூன்றரையில் நின்றது.

பெல்ட் அவளுடையது. அவள் இடுப்புக்கான துளை தேய்ந்து நீண்டிருந்தது. நான் மூன்று துளை தள்ளி மாட்டினேன். பெல்ட்டின் ஒரு கொக்கியை டவரில் மாட்டிவிட்டு மற்றதைக் கழற்றி, அதை மேலே மாட்டி, இதைக் கழற்றி. அவள் ஐந்து நிமிஷத்தில் ஏறுவாள். எனக்கு இருபத்தைந்து ஆனது.

"கீழ பாக்காதீங்க மாப்ள."

"பாக்கல."

"பாத்துட்டுதான் சொல்றீங்க."

இணைப்பு கண்ணுக்கு நேராக இருந்தது. கறுப்பாக, விரல் பருமன். அதன் கீழ்முனையில் பிசின் டேப்புக்கு வெளியே பிதுங்கியிருந்தது. அதைக் கட்டைவிரலால் அமுக்கி விட்டிருக்கிறாள். ரேகை அப்படியே இருந்தது. ஒவ்வொரு கோடும் தெரிந்தது. ஓரத்தில் நகம் பட்ட பிறை.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை.

"என்ன ஆச்சு?" என்றார் மாமா.

"ஒண்ணுமில்ல. முள் எங்க மாமா?"

"அதே மூணரை."

கத்தியை எடுத்தேன். ரேகை இருந்த முனையை முதலில் தனியாக வெட்டியெடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். பிறகு மீதியை நீளவாக்கில் கீறி உரித்தேன்.

மடிப்புகள் எல்லாம் கீழ் பார்த்தே இருந்தன. கீழிருந்து மேலாகத்தான் சுற்றியிருந்தாள். உள்ளே கனெக்டர் வாங்கின அன்று போலப் பளபளத்தது. ஒரு பொட்டு ஈரம் இல்லை.

திருகிக் கழற்றினேன். துடைத்தேன். துடைக்க ஒன்றும் இல்லை. மறுபடி இறுக்கினேன்.

"இப்ப?"

"மூணரை. அசையக்கூட இல்ல."

கோளாறு தேடுகிறவன் ரேடியோவுக்குப் பக்கத்து இணைப்பிலிருந்து தொடங்க வேண்டும். முதல் பாடம். எனக்கும் தெரியும். கீழ் இணைப்பைப் பார்க்க ஏணிகூட வேண்டாம். ஜன்னலைத் திறந்து கையை நீட்டினால் போதும். நான்கு மாதத்தில் ஒருநாளும் நீட்டவில்லை.

புதுப் பிசின் வைத்து, புது டேப் சுற்றினேன், கீழிருந்து மேலாக. முனையை அமுக்க வேண்டியிருந்தது. ஸ்பானரின் பின்பக்கத்தால் அமுக்கினேன்.

இறங்கியதும் ஜன்னலுக்குப் போனேன். என் இணைப்பில் இருந்தது சாதாரண எலக்ட்ரிக் டேப். மூன்றே சுற்று. ஜன்னலுக்கு மேலே சிமெண்ட் தகடு நீட்டிக்கொண்டிருக்கிறதே, மழை எங்கே படப்போகிறது என்று விட்டிருந்தேன். திருகியதும் தண்ணீர் சொட்டியது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது.

மாமா எட்டிப் பார்த்தார். "இது யார் கட்டுனது?"

"நான்."

"மேல?"

"அவ. மேல ஒண்ணுமில்ல மாமா. சரியாத்தான் கட்டியிருந்தா."

"அத ஏறிப் பாத்துதான் தெரிஞ்சுக்கணுமா?"

கோபமாகக் கேட்கவில்லை. வழி விசாரிப்பதுபோலக் கேட்டார்.

நனைந்த பகுதியை வெட்டி எறிந்தேன். நல்ல இடத்தில் புது கனெக்டர் போட்டேன்.

"ஒண்ணேகால்," என்றார் மாமா. "போதுமா?"

"போதும்."

சட்டைப் பையில் கைவிட்டேன். இறங்கும்போது டவர் சட்டத்தோடு நெஞ்சை ஒட்டி ஒட்டித்தான் இறங்கினேன். உடம்புச் சூட்டில் பிசின் இளகி, நசுங்கி, கறுப்பு உருண்டையாகியிருந்தது. பையின் நூல் அதில் ஒட்டியிருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரேகை இல்லை.

"என்ன அது?"

"மேல அவ வச்சுக் கட்டுனது."

கையை நீட்டினார். கொடுத்தேன். வெளிச்சத்தில் பார்த்தார். கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினார்.

"ரெண்டு வருஷம் ஆகியும் இன்னும் இளக்கமா இருக்கே."

விரலை எடுத்தார். ரேகை பதிந்திருந்தது.

"நான் வச்சுக்கட்டுமா மாப்ள?"

"வச்சுக்குங்க."

கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். பஸ் நேரம் அவருக்குத் தெரியாததா.

அவர் போன பிறகு ரேடியோவைப் போட்டேன். யாரோ இரண்டு பேர் தங்கள் ஊர் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். முடித்தார்கள். பிறகு ஒருவர், யாராவது கேட்கிறீர்களா என்று இரண்டு முறை கூப்பிட்டார். தெளிவாகக் கேட்டது.

முள் ஒண்ணேகாலில் இருந்தது. இனி அதைக் காரணம் சொல்ல முடியாது. மைக்கைக் கையில் எடுத்தேன். அவர் மூன்றாவது முறையும் கூப்பிட்டார். பேசுகிற பட்டனை அமுக்கவில்லை. அவர் வேறு அலைவரிசைக்குப் போகும்வரை கையில் வைத்திருந்தேன்.