டெரிக் சார் போட்ட டீ

திருவொற்றியூரில் அந்தத் தெருவில் எந்த நாற்றம் வந்தாலும் ஜனங்கள் முதலில் டெரிக்கைத்தான் கேட்பார்கள். கெமிக்கல் கம்பெனி ஒன்றில் சேஃப்டி சூப்பர்வைசராக இருந்து ரிட்டையரானவர். மூக்கைத் தூக்கி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, இது அம்மோனியா, இது வெறும் சாக்கடை என்று பிரித்துச் சொல்லிவிடுவார். அந்த மூக்கின்மேல் தெருவுக்கு மரியாதை உண்டு. அவருக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

ரிட்டையரான பிறகு மாடியில் செடி வைத்தார். கத்தரி, மிளகாய், இரண்டு ரோஜா. எதுவும் தேறவில்லை. உப்புக் காற்று, கரித்தூசி என்று செடிகளின் சார்பில் அவரே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் செல்போனில் அந்த வீடியோ வந்தது. மக்கிய உரத்தைத் துணியில் மூட்டையாகக் கட்டித் தண்ணீரில் தொங்கவிட வேண்டும். கொஞ்சம் வெல்லம் போட்டு, மீன் தொட்டி மோட்டாரை வைத்து ஒரு நாள் முழுக்கக் காற்று ஊதினால் கம்போஸ்ட் டீ தயார். செடி தளதளவென்று வருமாம். வீடியோவில் ஒரு பெண் அதை பக்கெட்டில் செய்து காட்டினாள். டெரிக்குக்கு பக்கெட் பிடிக்கவில்லை. பெரிய நீல டிரம் வாங்கினார். ஒரு பிடி வெல்லம் போடச் சொன்ன இடத்தில் உருண்டை உருண்டையாகப் போட்டார். கூடவே காசிமேட்டிலிருந்து மீன் கழிவும் கொண்டுவந்து கொட்டினார். மோட்டார் மட்டும் அந்தப் பெண் வைத்திருந்த அதே சின்ன மோட்டார்.

இத்தினியூண்டு மோட்டாரு இவ்ளோ தண்ணிக்குப் பத்துமா என்று மனைவி ரூத் கேட்டாள். பாய்லர் பார்த்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சொல்லிவிட்டு, கொசு முட்டை வைக்கக் கூடாதென்று மூடியையும் இறுக்கி மாட்டினார். அன்று சாயங்காலமே பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டாள், மருமகனுக்குக் காய்ச்சல் என்று. இரண்டு பேரும் அவசரமாகக் கிளம்பினார்கள். ஆளில்லாத மாடியில் கரண்ட் இருக்கக் கூடாது என்று, சேஃப்டிக்காக, மாடிக்குப் போகிற மெயின் சுவிட்சை டெரிக் தன் கையாலேயே அணைத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது டிரம் அவர் நினைவிலேயே இல்லை. மறுநாள் காலை, வெயில் ஏறிய நேரம், தெருக்கோடியில் மாசானம் அண்ணாச்சியின் மளிகைக் கடை முன்னால் பால் பாக்கெட்டோடு நின்றிருந்தார். எங்கேயோ டப்பென்று சத்தம் கேட்டது. லாரி டயர் என்று நினைத்தார். கொஞ்ச நேரத்தில் அழுகின முட்டை நாற்றம் குப்பென்று தெருவை மூடியது.

ஜனங்கள் வெளியே வந்துவிட்டார்கள். அந்தத் தெருவுக்கு அது விளையாட்டு இல்லை. முன்பு ஒரு தரம் எங்கிருந்தோ வாயு கசிந்தபோது, டெரிக் வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஜீனத்தின் மகள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்போது வந்த அதிகாரிகள் கசிவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இப்போதும் ஜீனத் மகளைத் தூக்கிக்கொண்டு நேராக டெரிக்கிடம்தான் ஓடி வந்தாள்.

"எங்கேர்ந்து சார் வருது?"

டெரிக் மூக்கைத் தூக்கினார். "ஹைட்ரஜன் சல்ஃபைடு. மணலி ஃபேக்டரிங்க பக்கத்துலேர்ந்து வருது."

இதில் முதல் பாதி நூற்றுக்கு நூறு சரி. பிற்பாடு அவரை ரொம்பப் படுத்தியது அதுதான்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் புகார் நம்பருக்குப் போன் போட்டார். எல்லாரையும் ஈரத்துணியால் மூக்கை மூடச் சொன்னார். இந்த கேஸ் காற்றைவிட கனம், தரையோடு தங்கும், உயரமாகப் போய்விட வேண்டும் என்று விளக்கினார். தெருவிலேயே உயரம் அவருடைய மூன்று மாடி வீடு. கிழவிகள், கைக்குழந்தைக்காரிகள், கடையைப் பாதி சாத்திய மாசானம் என்று அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு, அவரே முன்னால் ஏறினார்.

இரண்டாவது மாடியில் மாசானம் தயங்கி நின்றார். "சார், மேல போகப் போகக் கூடுதே?"

காற்று சுழன்று அடிக்கிறது என்றார் டெரிக். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மெயின் சுவிட்ச் ஞாபகம் வந்தது. ஒரு வாரமாகக் காற்றில்லாமல் டிரம் மேலே அழுகிக்கொண்டிருந்திருக்கிறது. பின்னால் தெருவே நின்றது, திரும்பவும் வழியில்லை.

மாடியில் டிரம்மின் மூடி ரோஜாத் தொட்டிமேல் கிடந்தது. டிரம்மிலிருந்து கறுப்பு நுரை பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

"உங்க டீ," என்றாள், பின்னாலேயே ஏறி வந்திருந்த ரூத்.

ஜீனத் முதலில் சிரித்தாள். அப்புறம் மகளின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சிரிப்பை டெரிக் தாங்கியிருப்பார்.

எல்லாரும் கீழே இறங்கிய நேரம் அதிகாரியின் ஜீப் தெருவுக்குள் நுழைந்தது. மாசானம் டெரிக்கை ஓரமாக இழுத்தார். "பேசாம இருங்க சார். நெசமாக் கசிஞ்ச அன்னைக்கு இல்லைன்னு எழுதினவங்கதான. இன்னைக்கு இல்லாதத இருக்குன்னு எழுதிட்டுப் போகட்டும்."

டெரிக்குக்கு ஆசையாகத்தான் இருந்தது. மூக்கின் மானம் தப்பிக்கும் என்பதுதான் முதலில் தோன்றியது. அது முதலில் தோன்றியதற்காகவே தன்மேல் வெறுப்பு வந்தது. இந்தப் பொய் வெளிப்பட்டால் இந்தத் தெருவின் புகாரை இனிமேல் யார் காதில் வாங்குவார்கள்?

"மேடம், கசிஞ்சது என் டிரம்மு," என்றார், ஜீப்பிலிருந்து இறங்கிய பெண் அதிகாரியிடம்.

அந்த இளம் பெண் அதிகாரி மாடிக்கு வந்து மீட்டரை நீட்டினாள். அது அலறியது. மூடிய இடத்தில் இந்த வாயு ஆளையே கொல்லும், தெரியுமா என்று கேட்டாள். சற்றுமுன் தெருவில் இருபது பேருக்குத் தானே வகுப்பெடுத்த விஷயம் என்று சொல்ல வாயெடுத்தவர், மூடிக்கொண்டார். போகும்போது அவள், அடுத்த தடவை போன் பண்ணுவதற்கு முன்னால் மாடியைப் பார்த்துவிடுங்கள் என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். ஆனால் இனி எல்லாப் புகாருக்கும் சொல்ல ஒரு பதிலை அவர்கள் கையில் தானே கொடுத்தனுப்பிவிட்டோம் என்று டெரிக்குக்கு உறைத்தது.

அப்புறம் பக்கெட்டுக்கு மாறினார். ஒரு பிடி வெல்லம், திறந்த வாய், நிற்காத மோட்டார். மண் வாசனையோடு டீ வந்தது. மிளகாய் நாலைந்து காய்த்தது.

மழைக்காலம் தொடங்கிய ஒரு மத்தியானம், கண் எரிகிற நாற்றம் ஒன்று வந்தது. தெருவே அண்ணாந்து டெரிக் வீட்டு மாடியைப் பார்த்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் ஜீனத்தையும் மாசானத்தையும் மேலே அழைத்துப்போய் பக்கெட்டைக் காட்டினார். இருவரும் குனிந்து மோந்து பார்த்தார்கள். பிறகு போன் போட்டார். எதிர்பார்த்தபடியே அந்தப் பக்கத்துக் குரல், மாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டது. டெரிக் பதில் தேடுவதற்குள் ஜீனத் போனை வாங்கிக்கொண்டாள்.

"பாத்துட்டோம். எங்க சார் டீ நல்லாத்தான் கீது. நீங்க மீட்டர எடுத்துகினு வாங்க."

வண்டி வர நேரமானது. அதுவரை டெரிக், ஜீனத்தின் மகளை ஈரத்துண்டோடு இடுப்பில் வைத்துக்கொண்டு கடை ஓரத்தில் நின்றார். என்ன கேஸ் என்று கேட்டவர்களிடமெல்லாம், தெரியலம்மா, மீட்டர் வரட்டும் என்றார்.