தியாகியின் கண்ணாடி

பெயர்ப்பலகைக்காரருக்குத் தன் புத்தியைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. சதுரமாக வெட்டச் சொன்ன பலகையை வட்டமாக வெட்டிவைத்துவிட்டு, "வட்டம்தாங்க எடுப்பா இருக்கு" என்று வாடிக்கையாளரிடமே வாதாடியவர் அவர். இந்த மாதிரிக் கதைகளை அவரே சொல்லிச் சிரிப்பார். பிறர் சொல்வதற்குள் முந்திக்கொள்வது நல்லதில்லையா? ஆனால் மனைவியின் கண் விஷயத்தில் மட்டும் கோட்டை விடக்கூடாது என்று இந்த முறை உறுதியாக இருந்தார்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது கண்ணில் பார்வை இல்லை. கம்ப்யூட்டரில் எழுத்துகளை வரைவது, தகட்டில் மயிரிழை பிசகாமல் வெட்டுவது எல்லாம் அந்த ஒற்றை வலது கண்ணை நம்பித்தான் நடந்தது. இவருடைய இரண்டு கண்களும் பலகையைத் துடைக்கவும், காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுக்கவும் பயன்பட்டன.

இப்போது பித்தளை வெட்டும் லேசர் மெஷின் ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தார்கள். அதற்கு மூடி கிடையாது. "கதிர் கண்ணுக்குத் தெரியாது. தெரியலைன்னு அசட்டையா இருந்துடாதீங்க. தகட்டுல பட்டுத் தெறிச்சாலே பார்வை போயிடும். தகுந்த கண்ணாடி இல்லாம பக்கத்துல நிக்காதீங்க" என்று விற்றவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்தக் கண்ணாடியை வாங்கத்தான் கடைக்குப் போனார்.

"மெஷின் எந்த அலைநீளம்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"நல்ல பெரிய மெஷின்தாங்க."

கடைக்காரர் கையிலிருந்த கண்ணாடிகளை மேஜைமேல் வைத்தார். "மெஷின்ல நம்பர் ஒட்டியிருக்கும். பார்த்துட்டு வந்து வாங்குங்க. ஒண்ணுக்கு ஆகிறது இன்னொண்ணுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார்.

திரும்பிப் போய் நம்பர் பார்த்து வருவதெல்லாம் விவரம் தெரியாதவர்கள் செய்வது. மேஜைமேல் இரண்டு கண்ணாடிகள் கிடந்தன. ஒன்று கருஞ்சிவப்பு. அதை மாட்டிக்கொண்டு விளக்கை அண்ணாந்து பார்த்தார். விளக்கு அணையப்போகிற தணல் மாதிரி தெரிந்தது. மற்றொன்று வெளிறிய பச்சை. அதை மாட்டினால் எதிர் அலமாரியில் இருந்த ஆணி டப்பாவின் விலைகூடத் தெரிந்தது. இதெல்லாம் ஒரு கண்ணாடியா? கருஞ்சிவப்பில் ஒன்றுதான் இருப்பு இருந்தது. அதை அவளுக்கும், அந்த உதவாக்கரைப் பச்சையைத் தனக்கும் வாங்கிக்கொண்டார்.

வரும் வழியெல்லாம் தன்னை நினைத்துத் தானே உருகினார். தன் கண்ணைக் கொடுத்து மனைவியின் கண்ணைக் காப்பாற்றியவர் என்று சொந்தபந்தம் பேசிக்கொள்வதுபோல் நினைத்துப் பார்த்தார். மைத்துனர் அழுவதுகூடத் தெரிந்தது. இத்தனைக்கும் மைத்துனர் அவரைக் கண்டால் பேசுவதே இல்லை.

பட்டறைக்கு வந்ததும் தகட்டை வைத்தார்கள். அவள் கருஞ்சிவப்பை மாட்டிக்கொண்டு மெஷினை இயக்கும் பெடலில் பாதத்தை வைத்தாள். இவர் பச்சையை மாட்டிக்கொண்டு, மார்பை நிமிர்த்திப் பக்கத்தில் நின்றார்.

"மிதி. பயப்படாதே, நான் இருக்கேன்ல."

"இருங்க, ஸ்கிரீன்ல ஒண்ணுமே தெரியலை."

"அதான் நல்ல கண்ணாடி. மிதிம்மா."

அவள் காலை எடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கப்போனவள், அதன் ஓரத்தில் பொடியாக எழுதியிருந்ததை வலது கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் படித்தாள். பிறகு மெஷினில் ஒட்டியிருந்த மஞ்சள் எச்சரிக்கைத் தாளைப் படித்தாள். "மெஷினோட அலைநீளம் ஆயிரத்து அறுபத்தி நாலு. இது ஐந்நூத்தி நாப்பது வரைக்கும்தான் தடுக்குமாம்" என்றாள். எழுந்து வந்து, அவர் முகத்தில் இருந்த கண்ணாடியின் ஓரத்தையும் படித்தாள். "தொள்ளாயிரத்துல இருந்து ஆயிரத்து நூறு. இதுதான் இந்த மெஷினுக்கு."

முகத்தில் இருந்த கண்ணாடியை அவர் தடவிப் பார்த்தார்.

"நல்லதை நீங்க மாட்டிக்கிட்டீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வாயை மூடிக்கொண்டால் சுயநலக்காரர், திறந்தால் முட்டாள். முட்டாள் பட்டம் பழகிப்போனது; அதையே எடுத்துக்கொண்டார். விளக்கைப் பார்த்துக் கண்ணாடி வாங்கியது முதல், மைத்துனரை அழவைத்தது வரை ஒன்றுவிடாமல் சொன்னார். வழக்கம்போல் சிரித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"அப்போ உங்க கண்ணு போனா போகட்டும்னுதான் இங்க வந்து நின்னீங்களா?"

"உனக்கு ஒண்ணுதானேம்மா இருக்கு."

"நமக்கு மொத்தம் மூணு இருக்கு. அதுல ரெண்டைத் தூக்கிக் கொடுக்க உங்களை யாரு கேட்டா?"

மிதி, மிதி என்று சொன்னது இந்த வாய்தானே. அவள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கிறவளாக இருந்திருந்தால்? முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அழுகையை அவள் பார்த்துவிடக்கூடாதென்று கண்ணாடியைக் கழற்றாமலே இருந்தார். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே பளிச்சென்று தெரிகிற கண்ணாடி அது.

அவள் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள். "எழுந்திருங்க. கடைக்கு நானும் வர்றேன்" என்றாள்.