பாடத்தில் இல்லாத வார்த்தை

கணக்கு டீச்சரை நடு வருஷத்தில் ஒன்றாம் வகுப்புக்குத் தூக்கியடித்ததற்குக் காரணம் ஒரு கொட்டாவி.

காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மைக். கையில் மைக் கிடைத்தால் விடமாட்டார். ஒழுக்கத்தில் தொடங்கி, நகம் வெட்டுவது வழியாகப் போய், நாட்டின் எதிர்காலத்தைத் தொடுவதற்குள் முன்வரிசையில் இரண்டு பேராவது மயங்கி விழுவார்கள். டீச்சர் அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். வந்த கொட்டாவியை விழுங்கத்தான் பார்த்தார். அது விழுங்குகிற ரகமில்லை. ஒலிபெருக்கி அதைக் கடைசி வரிசை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். மைக்குக்கு அவர்கள் கைதட்டியதே இல்லை.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் பிரசவ விடுப்பில் போனதும் அந்த இடத்துக்கு யார் என்ற கேள்வியே எழவில்லை.

வகுப்பைப் பார்த்த முதல் நாள் கணக்கு டீச்சர் அசந்துபோனார். பிள்ளைகள் புத்தகத்தை விரித்து, விரலை வரியில் வைத்து, பாடம் முழுவதையும் ராகத்தோடு கடகடவென்று ஒப்பித்தார்கள். அவர்களில் முதல் பெஞ்சில் ஒருத்தி, மற்றவர்கள் ரேடியோ என்று கூப்பிடுகிற பெண், முன்பல் இரண்டும் இல்லாத வாயால் எல்லாரையும் முந்திக்கொண்டு போனாள். டீச்சர் அருகில் போய்ப் பார்த்தார். புத்தகம் தலைகீழாக இருந்தது.

புத்தகத்தை நேராகத் திருப்பி, பூனைப் படத்தைக் கையால் மறைத்து, அடியில் இருந்த சொல்லை வாசிக்கச் சொன்னார். ரேடியோ பொறுமையாக விளக்கினாள்.

"கைய எடுங்க டீச்சர். படத்த மறைச்சா எப்படிப் படிக்கிறது?"

பக்கத்துப் பையனைக் கேட்டார். அவன் விரல் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்து, "மியாவ்" என்றான்.

மொத்த வகுப்பும் அப்படித்தான். புத்தகம் மனப்பாடம், வாசிப்பு மட்டும் பூஜ்யம். சரி, எழுத்திலிருந்தே தொடங்கலாம் என்று கரும்பலகையில் 'படம்' என்று எழுதினார். ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டார். பானா, டானா, இம் என்று சரியாகவே சொன்னார்கள். சேர்த்துச் சொல்லுங்கள் என்றார். "பானாடானாயிம்" என்று ஒரே குரலில் வந்தது. அதைவிட மோசம், அதற்கும் அவர்களிடம் ஒரு ராகம் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த புருஷனிடம் புலம்பித் தீர்த்தார். பஸ் ஓட்டுகிற மனிதர். உனக்கு யார் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தது, அதே மாதிரி செய்ய வேண்டியதுதானே என்றார். டீச்சர் யோசித்துப் பார்த்தார். வகுத்தல் கற்றது ஞாபகம் இருந்தது, வாங்கிய அடியும் ஞாபகம் இருந்தது. எழுத்து எப்படிச் சொல்லாக மாறியது என்பது மட்டும் துளிகூட நினைவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மகனைக் கூப்பிட மாடிப்படியில் நின்று, "குட்டீ" என்று இழுத்தவர் அப்படியே நின்றார். கு, ட், டி என்று நிறுத்தி நிறுத்திக் கூப்பிட்டால் எந்தப் பிள்ளை வரும்? மூச்சை விடாமல் ஒரு ஒலியிலிருந்து அடுத்ததற்கு நழுவ வேண்டும். மகன் மூன்றாவது தடவையாக "என்னம்மா" என்று கேட்டபோதும் குட்டீயை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பானாவுக்கும் டானாவுக்கும் தடை விழுந்தது. எழுத்தின் பெயர் வேண்டாம், சத்தம் மட்டும் போதும். பிள்ளைகள் ஆளுக்கொரு அட்டையைப் பிடித்துக்கொண்டு, சத்தத்தை நிறுத்தாமல் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். முட்டிக்கொள்ளும்போது சொல் வந்தது. சில நாள் மூக்கில் ரத்தமும் வந்தது. 'பெட்டி' என்ற சொல்லுக்கு ஒற்றைக் கொம்பைப் பிடித்த பையன் ப-வுக்கு முன்னால் போய் நின்றபோது ரேடியோ ஆட்சேபித்தாள்.

"முன்னாடி நிக்கிறான், ஆனா சத்தம் பின்னாடி வருதா? ஏன் டீச்சர்?"

"சில பேரு அப்படித்தான். முன்னாடி வந்து நின்னுக்குவாங்க. விஷயம் அப்புறமாத்தான் வரும்" என்றார் டீச்சர். அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே மைக் போய்க்கொண்டிருந்தார்.

ராகம் நின்றுபோனது. பிள்ளைகள் சொற்களின் மேல் நொண்டிக்கொண்டே போனார்கள். மைக் வகுப்பை எட்டிப் பார்த்து, நல்லா ஓடின வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டீர்களே என்றார். ரேடியோவின் அம்மா நேரிலேயே வந்தார். கடகடவென்று படித்துக்கொண்டிருந்த பெண் இப்போது வாயே திறப்பதில்லை, டாக்டரிடம் காட்டட்டுமா என்று கேட்டார். ரேடியோவோ நொண்டக்கூட மறுத்தாள். ஒருமுறை கேட்டாலே மனதில் தங்கிவிடும் என்னும்போது, எழுத்தோடு எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்?

ஒருநாள் இடைவேளை முடிந்தும் அவளைக் காணவில்லை. டீச்சர் தேடிக்கொண்டு போனார். பெண்கள் கழிப்பறையின் கடைசி அறையில், சுவரில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் கரியால் எழுதியிருந்ததன் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"மை... மைக்... ஒ...ரு... மொ... மொக்... மொக்கை."

சொல்லிவிட்டு, அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். டீச்சரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பயத்தில் இல்லை, குழப்பத்தில்.

"டீச்சர், இது பாடத்துல இல்ல. யாரும் எங்கிட்ட சொல்லவும் இல்ல. எனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

டீச்சர் கண்டித்திருக்க வேண்டும். சுவரைத் துடைத்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் ஈரத்தரையில் குந்தி உட்கார்ந்து, "இன்னொரு தடவ வாசி" என்றார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அந்த இடத்து நாற்றம் என்று பிறகு புருஷனிடம் சொல்லிக்கொண்டார்.

அதன்பின் ரேடியோவை நிறுத்த முடியவில்லை. கதவு, சோப்பு உறை, டீச்சரின் பை, எதையும் விடவில்லை.

வருஷக் கடைசியில் கல்வி அதிகாரி வந்தார். அலைந்து களைத்த பெண்மணி. பாட்டுப்போல ஒப்பிக்கச் சொல்லுங்கள் என்று மைக் முந்தின நாளே எச்சரித்திருந்தார். பிள்ளைகள் முதல் வரியைத் தொடங்கியதுமே அதிகாரி புத்தகத்தை மூடிவிட்டார். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இதே பாட்டைத்தான் கேட்கிறேன் என்றவர், ரேடியோவைக் கூப்பிட்டு, இந்த அறையில் கண்ணில் படுகிற எதையாவது வாசிக்கச் சொன்னார்.

கழிப்பறைச் சுவர் இங்கிருந்து தெரியாது என்று டீச்சர் மூச்சு விட்டார். ரேடியோவின் பார்வை அறையைச் சுற்றி வந்து மைக்கின் சட்டைப் பையில் நின்றது. ஒரு மருந்து அட்டைப்பெட்டி அதிலிருந்து பாதி எட்டிப் பார்த்தது.

"ம...ல...ச்..." என்று தொடங்கினாள்.

மைக் குனிந்து பார்த்தார். அதிகாரி பக்கத்தில் இருக்கும்போது பையை மூட அவருக்குக் கை வரவில்லை. ரேடியோ அவசரப்படவில்லை. ஒவ்வொரு ஒலியாக நழுவி, கடைசி வரை போனாள்.

"மலச்சிக்கல்... நீங்க."

அவள் அதிகாரியிடம் திரும்பி, அப்படின்னா என்ன என்று கேட்டாள். அதிகாரி முகம் மாறாமல், நேராக, எளிமையாக விளக்கினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நெடுநேரம் இருமினார்.

அதிகாரி கிளம்பிப்போனதும் மைக் வகுப்புக்குத் திரும்பி வந்தார். டீச்சர் எழுந்து நின்றார். இனிப் பால்வாடிதான், அதற்குக் கீழே அனுப்ப இடமில்லை என்று நினைத்துக்கொண்டார். மைக் நேரே ரேடியோவின் பெஞ்சருகே போய் நின்றார். தலைமையாசிரியர் ஆவதற்கு முன்னால் அவர் தமிழ் வாத்தியார்.

"அந்த 'ச்'-ச விடாம சொன்னா பாத்தீங்களா?" என்றார் தணிந்த குரலில். "எட்டாங்கிளாஸ் பசங்களே அத முழுங்கிடுவாங்க."

அடுத்த வருஷமும் ஒன்றாம் வகுப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அது தண்டனையா பரிசா என்று மட்டும் சொல்லவில்லை. மருந்துப் பெட்டியைக் கால்சட்டைப் பைக்கு மாற்றிக்கொண்டு வெளியே போனார்.