மெதுவாக ஒரு கோடு

மணிலாவில் கில்மோர் தெருக் கணினிக் கடைக்காரர்களுக்கு பெர்லிதாவைக் கண்டாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். படம் வரையும் டேப்லெட் ஒன்று வாங்க வந்தால் இருப்பதையெல்லாம் இறக்க வைத்துவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பாள். அன்றைக்குச் சோதனை அவளுக்கே. மூன்று மணிக்கு அவள் வேலை செய்யும் அனிமேஷன் ஸ்டூடியோவில் கோட்டுத் தேர்வு, எல்லார் முன்னாலும் கோடு இழுத்துக் காட்ட வேண்டும். தேறினால் கோடு போடும் பிரிவுக்கு அவள்தான் தலைவி. தவறினால், பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்த நாற்காலியே கையை விட்டுப் போகும். தேர்வில், கோட்டைத் தானாக நேராக்கும் வசதியை அணைத்துவிடுவார்கள். அவளுடைய பழைய டேப்லெட்டிலோ இரண்டு மாதமாகக் கோடு நடுங்குகிறது. பேனா முனையை மாற்றினாள், வயரை மாற்றினாள், ஒன்றும் நடக்கவில்லை.

கடைக்குள் நுழையும்போது மணி ஒன்றரை. உடன் வந்த கணவன் நெஸ்டரும் அதே ஸ்டூடியோவில்தான் வண்ணம் தீட்டுகிறான்.

முதலில் சின்னதாக, இலேசாக ஒன்று. மூலைக்கு மூலை, நத்தை வேகத்தில் ஒரு கோடு இழுத்தாள். வேகமாக இழுத்தால் எந்த டேப்லெட்டும் நல்ல பிள்ளைதான், மெதுவாக இழுத்தால்தான் சாயம் வெளுக்கும். கோடு ரம்பப் பல்லாக வந்தது. அடுத்து, திரையிலேயே வரையும் வகை. கழுத்தை வளைத்துக் குனிந்து இழுத்தாள். அதே ரம்பம். கடையிலேயே விலை கூடியது மூன்றாவது, அதிலும் ரம்பம்.

"அண்ணே, இன்னைக்கே எனக்குத் தேர்வு. மூணுமே நடுங்குது. நல்ல சரக்கு ஒண்ணுகூடவா இல்ல?"

கடைக்காரன் போயெத்துக்குச் சுருக்கென்றது. "எங்க கடை என்ன காயலாங்கடையா மேடம்? குடுங்க இப்படி."

பாதி தின்ற சியோபாவ் பன்னை வாயில் கவ்விக்கொண்டு, அதே பேனாவால் மெதுவாக ஒரு கோடு இழுத்தான். ஜென்மத்தில் படம் வரையாதவன். கோடு இழுத்துக் கட்டிய நூலாக நின்றது.

நெஸ்டர் சிரித்துவிட்டான். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று.

'டேப்லெட்டைத் திட்டாத, கையப் பாரு' என்பாள் பெர்லிதா, புதிதாக வருகிறவர்களிடமெல்லாம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நெஸ்டரும் அதை வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். இப்போது அது அவன் நுனிநாக்கு வரை வந்தது, விழுங்கிக்கொண்டான்.

"எத்தனை நாளா கை இப்படி?"

"ரெண்டு மாசம். காலையில எந்திரிச்சா விரலெல்லாம் மரத்துப்போயிருக்கு. சொன்னா நாற்காலி போயிடுமேன்னு..." அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது.

போயெத் வாயைத் துடைத்துக்கொண்டு, மேல் தட்டிலிருந்து திரையில்லாத பெரிய டேப்லெட் ஒன்றை இறக்கித் தூசி தட்டினான். "சின்னதுல எல்லாப் பாரமும் மணிக்கட்டு மேலதான் மேடம். இதுல தோள்லேர்ந்து இழுங்க. எதிர்ல இருக்கிற திரையைப் பாத்தா போதும், குனியவே வேணாம்."

இழுத்தாள். பல் மறைந்தது. நடுவில் மட்டும் ஒரு சின்ன நெளிவு.

"இன்னைக்குத் தப்பிச்சிடலாம் மேடம்."

தப்பிக்கலாம்தான். மணி இரண்டேகால். பெர்லிதா அந்த நெளிவையே வெறித்துப் பார்த்தாள். பிறகு இடது கையால் போனை எடுத்து ஸ்டூடியோ இயக்குநரை அழைத்தாள்.

"சார், பெர்லிதா பேசறேன். இன்னைக்குத் தேர்வுக்கு நான் வரல, ஆஸ்பத்திரிக்குப் போறேன்." டேப்லெட் கெட்டுவிட்டதா என்று அவர் கேட்டார். "இல்ல சார், டேப்லெட்டுக்கு ஒண்ணும் ஆகல. என் கைதான்."